தமிழ் உள்ளீட்டு மென்பொருளின் தானியங்கித் தொடக்கம்: வடசென்னைக் கல்லூரி ஆய்வகக் கணினி ஒன்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கணினியை இயக்கியவுடன் ஒரு மென்பொருள் தானாகவே தொடங்குமாறு அமைப்பது சிறு பணியாகவே கருதப்படுகிறது. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் உள்ளீட்டு மென்பொருளைப் பொறுத்தவரை அச்சிறு பணி ஆய்வுத் தரவின் குறியாக்கத்தையே தீர்மானித்துவிடுகிறது. பலர் பகிர்ந்து பயன்படுத்தும் ஆய்வகக் கணினிகளில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. மென்பொருள் யாருக்காகத் தொடங்குகிறது, எப்போது தொடங்குகிறது, எந்த நிலையில் தொடங்குகிறது என்னும் மூன்று வினாக்களின் வழியே இக்கட்டுரை இச்சிக்கலை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தானியங்கித் தொடக்கம், தமிழ் உள்ளீடு, ஒருங்குறி, பாமினி, தமிழ்99, பயனர் கணக்கு, வடசென்னை

முன்னுரை

இராயபுரம், காசிமேடு தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் கரைப்பகுதி, மொழி ஆய்வுக்கும் வாய்மொழி வரலாற்று ஆய்வுக்கும் வளமான களமாகும். துறைமுகத் தொழிலாளரின் வழக்குச் சொற்கள், மீனவக் குப்பங்களின் காற்றுப் பெயர்கள், கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிப்போரின் தொழிற்சொற்கள் ஆகியவை இன்னும் முழுமையாகத் தொகுக்கப்படவில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கழிமுகத்தில், 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் பரவிய பின்னர், அத்தொழிலும் அதன் சொற்களும் எவ்வளவு காலம் நிற்கும் என்னும் கேள்வி வலுத்துள்ளது. ஆகவே இங்குப் பதிவுசெய்யப்படும் ஒவ்வொரு நேர்காணலும் மீண்டும் கிடைத்தற்கு அரியது.

வடசென்னையிலுள்ள ஒரு கல்லூரியில் இக்கட்டுரையாளர் அறிந்த ஆய்வாளர் ஒருவர், இத்தகைய நேர்காணல்களைக் கேட்டெழுதித் துறையின் பொதுக் கணினியில் பல மாதங்கள் தட்டச்சு செய்தார். பின்னர்ச் சொல்லடைவு தயாரிக்க முற்பட்டு ‘மடவை’ என்னும் மீன்பெயரைத் தேடியபோது, அச்சொல் இடம்பெற்றிருந்த கோப்புகள் சிலவற்றிலேயே அது அகப்பட்டது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் கோப்புகள் தேடலுக்குச் சிறிதும் இசையவில்லை. திறந்து பார்த்தால் எல்லாம் தமிழாகவே தெரிந்தன. எழுத்தின் வடிவம் சற்று வேறுபட்டதேயன்றி வேறு குறை கண்ணுக்குப் புலப்படவில்லை.

காரணம் பின்னரே விளங்கிற்று. அவர் அச்சகமொன்றில் பாமினி விசைமுறை பழகியவர். பொதுக் கணினியில் நிறுவப்பட்டிருந்த தமிழ் எழுதி மென்பொருள், பாமினி விசைமுறையில் தட்டினாலும் ஒருங்குறியிலேயே எழுத்தைத் தரும். ஆனால் அம்மென்பொருள் சில நாள்களில் தானாகத் தொடங்கியது. சில நாள்களில் தொடங்கவில்லை. தொடங்காத நாள்களில் அவர் பழைய வழக்கப்படி பாமினி எழுத்துருவைத் தேர்ந்துகொண்டு தட்டியிருக்கிறார். அதே விரல்கள், அதே விசைகள், திரையிலும் அதே தமிழ். கணினியின் நினைவில் சேர்ந்ததோ முற்றிலும் வேறு.

‘தமிழ்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. பாமினி எழுத்துருவிலும் அது ஐந்து குறியீடுகளே. ஆனால் அவை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகும். எழுத்துரு என்னும் போர்வையை நீக்கினால் அங்கே தமிழே இல்லை.

உள்ளீடு ஏன் ‘தொடங்கப்பட’ வேண்டியதாயிற்று

இலங்கையைச் சேர்ந்த ஆர். முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சுப் பொறியில் இச்சிக்கல் எழ வழியே இல்லை. எழுத்து இரும்பில் இருந்தது. விசையை அழுத்தினால் அது தாளில் விழுந்தது. எதையும் தொடங்க வேண்டியதில்லை. தட்டச்சுப் பயிற்சி நிலையங்களில் கற்றோர் கணினிக்கு வந்தபோது, எழுத்துரு வழித் தட்டச்சு அவர்களுக்கு இயல்பாகப் பொருந்தியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். எழுத்துருவைத் தேர்ந்தால் போதும். விசையும் எழுத்தும் நேருக்கு நேர் பொருந்தின.

ஒருங்குறி இந்தப் பொருத்தத்தைப் பிரித்தது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. விண்டோஸ் 2000 பதிப்பில் லதா எழுத்துருவுடன் தமிழ் ஆதரவும் வந்தது. அதன்பின் விசை வேறு, எழுத்துக் குறியீடு வேறு என்றாயிற்று. இரண்டையும் இணைக்க இடையில் ஒரு நிரல் வேண்டியதாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் மாநாட்டின் விளைவாக உருவான தமிழ்99 விசைப்பலகை, அத்தகைய நிரலை நம்பியே அமைந்தது. ஒரே மெய்யின் விசையை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும் என்னும் அதன் சிறப்பு, முன் தட்டிய விசையை நினைவில் வைத்திருக்கும் ஒரு நிரலால்தான் இயலும்.

அழகி, தமிழா! குழுவின் எ-கலப்பை, சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் ரைட்டர் முதலியன இவ்விடைவெளியை நிரப்பின. இவை பின்னணியில் இயங்கி, விசைத் தட்டல்களை இடைமறித்துத் தமிழாக மாற்றித் தருவன. இயங்கினால் மட்டுமே தமிழ் கிடைக்கும். ஆகவே கணினி எழுந்தவுடன் இவையும் எழுந்தாக வேண்டும். தமிழ்நாடு அரசு 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டுக் காலத்தில், ஒருங்குறியையும் அனைத்து எழுத்துக் குறியாக்கமான டேஸ்16ஐயும் தரமாக ஏற்றது. தரம் தாளில் ஏறியதுபோல் ஆய்வகக் கணினியிலும் ஏற வேண்டுமெனில், இந்தச் சிறு நிரல் நாள்தோறும் தவறாமல் தொடங்க வேண்டும். அது தொடங்காத நாளில் பயனர் பழைய எழுத்துருவுக்குத் திரும்பிவிடுகிறார். குற்றம் பயனருடையது அன்று.

‘தொடக்கம்’ என்பது எது

பேச்சுவழக்கில் கணினி தொடங்குவது ஒரே நிகழ்வு. உண்மையில் அது இரண்டு. பொத்தானை அழுத்தியதும் வன்பொருளைச் சோதிக்கும் நிரல், பின்னர் இயங்குதளத்தின் கருநிரல், பின்னர்ச் சேவைகள் எனப்படும் பின்னணி நிரல்கள் ஆகியன எழுகின்றன. இவையனைத்தும் கடவுச்சொல் கேட்கும் திரைக்கு முந்தியவை. பயனர் உள்நுழைந்த பிறகே அவருக்குரிய பணித்திரையும், அதன் பின்னர் அவருக்கெனக் குறித்துவைத்த மென்பொருள்களும் எழுகின்றன. தமிழ் எழுதி இந்த இரண்டாம் கட்டத்துக்கு உரியது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. தொழில்நுட்ப ஆர்வம் மிக்க சிலர், ‘எப்போதும் இயங்கட்டும்’ என்று தமிழ் எழுதியைச் சேவையாகப் பதிவதுண்டு. விண்டோஸ் விஸ்டா முதலாகச் சேவைகள் பயனரின் பணித்திரையிலிருந்து பிரிக்கப்பட்ட தனி அமர்வில் இயங்குகின்றன. பயனரின் விசைத் தட்டல்கள் அவற்றை எட்டுவதில்லை. பட்டியலில் மென்பொருள் இயங்குவதாகக் காட்டும். தமிழ் மட்டும் வராது. உள்நுழைவுத் திரையில் தமிழ் எழுதி வேலை செய்யாததும் இத்தகைய பிரிவினால்தான். அத்திரை பாதுகாப்புக் கருதித் தனியே ஒதுக்கப்பட்டது. கடவுச்சொல் அங்குத் தமிழாக மாறிவிடாமல் இருப்பது ஒரு நன்மையே.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. மடிக்கணினியை மூடித் திறப்பது தொடக்கம் ஆகாது. உறக்கநிலையிலிருந்து கணினி மீளும்போது முன்பு இயங்கியவை விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன. தொடக்கப் பட்டியல் மீண்டும் படிக்கப்படுவதில்லை. நடுவில் தமிழ் எழுதி முடங்கி நின்றிருந்தால், வாரக்கணக்கில் மூடித் திறந்தாலும் அது திரும்பாது. வெளியேறி மீண்டும் உள்நுழைவதே வழி. ‘நேற்றுவரை வேலை செய்தது, நான் எதையும் மாற்றவில்லை’ என்னும் முறையீடுகள் பலவற்றின் பின்னணி இதுவே.

யாருக்காகத் தொடங்குகிறது

எம்எஸ்-டாஸ் காலத்தில் ஆட்டோஎக்சிக் என்னும் ஒரே கோப்பு கணினி முழுமைக்கும் பொதுவாக இருந்தது. 1995க்குப் பிந்தைய விண்டோஸில் பயனர்தோறும் தனித்த தொடக்கக் கோப்புறை இடம்பெறலாயிற்று. இன்றைய விண்டோஸில் அதைத் திறக்க, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் ‘ஷெல்’ என்னும் சொல், முக்காற்புள்ளி, ‘ஸ்டார்ட்அப்’ என்னும் சொல் ஆகியவற்றை ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றி இட வேண்டும். திறக்கும் கோப்புறையில் மென்பொருளின் குறுக்குவழியை ஒட்டினால், அப்பயனர் உள்நுழையும்போது அது தொடங்கும். முக்காற்புள்ளிக்குப் பின் ‘காமன் ஸ்டார்ட்அப்’ என்று இரு சொல்லாக இட்டால் எல்லாப் பயனருக்கும் பொதுவான கோப்புறை திறக்கும். அதில் எழுத நிர்வாகி உரிமை தேவை.

பெரும்பாலான மென்பொருள்கள் இக்கோப்புறையை நாடுவதில்லை. ‘விண்டோஸுடன் தொடங்குக’ என்னும் பெட்டியில் நாம் குறியிடும்போது, அவை இயங்குதளத்தின் பதிவேட்டில் ‘ரன்’ என்னும் பகுதியில் ஒரு வரியைச் சேர்க்கின்றன. அப்பகுதியும் இரண்டாக உள்ளது: நடப்புப் பயனருக்குரியது ஒன்று, கணினி முழுமைக்கும் உரியது மற்றொன்று. நிர்வாகி உரிமையின்றி மென்பொருள் எழுதும் வரி முன்னதிலேயே சேரும். ஆய்வகத்தில் ஒருவர் தம் கணக்கில் இந்தக் குறியை இட்டு, வேலை முடிந்ததென நிறைவடைகிறார். அடுத்தவர் வேறு கணக்கில் நுழைகிறார். அவருக்குத் தமிழ் இல்லை. இருவரும் ஒரே நாற்காலியில், ஒரே விசைப்பலகையின்முன் அமர்ந்தவர்கள்.

அனைவரும் ஒரே பொதுக் கணக்கைப் பயன்படுத்தினால் இது தீரும் என்று தோன்றலாம். அங்கே மூன்றாம் வினா தலையெடுக்கிறது: எந்த நிலையில் தொடங்குகிறது? ஒருவருக்குப் பாமினி விசைமுறை வேண்டும், மாணவர்க்குத் தமிழ்99 வேண்டும். திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயிற் கல்வெட்டுகளைப் படியெடுப்பவர்க்குக் கிரந்த எழுத்துகளும் வேண்டும். கிரந்தம் ஒருங்குறியில் சேர்ந்ததே 2014இல்தான். முன்பிருந்தவர் விட்டுச்சென்ற விசைமுறையில் மென்பொருள் தொடங்கினால், அடுத்தவரின் முதல் வரி புரியாத எழுத்துக்கோவையாக வரும். அவர் மென்பொருள் பழுதென்று எண்ணி அதை மூடிவிடுவார். மூடியபின் நடப்பது முன்னுரையில் கண்டதே.

மென்பொருள் தானாகத் தொடங்கட்டும், ஆனால் ஆங்கில நிலையிலேயே தொடங்கட்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. தமிழ் வேண்டுவோர் ஆல்ட் விசையுடன் ஓர் எண்விசையை அழுத்தித் தமக்குரிய விசைமுறையைத் தாமே தேரட்டும். தொடங்கியதுமே தமிழ் என்பது மொழிப்பற்றுக்கு இனிது. ஆனால் இணையப் பக்கங்களின் கடவுச்சொற் பெட்டியில், புள்ளிகளால் மறைக்கப்பட்ட இடத்தில், என்ன மொழியில் தட்டுகிறோம் என்பதே தெரியாமல் கணக்குப் பூட்டிக்கொள்ளும் அனுபவம் பலருக்கும் நேர்ந்திருக்கும்.

தொடங்காமையும் தொடங்கியும் எழுதாமையும்

மேற்கண்ட கல்லூரிக் கணினியில் மென்பொருள் சில நாள் தொடங்கி, சில நாள் தொடங்காதிருந்தது ஏன்? ஆய்வகங்களில் மாணவர் செய்யும் மாற்றங்கள் தங்காதிருக்க, மீளமைப்பு மென்பொருள் நிறுவுவது வழக்கம். டீப் ஃப்ரீஸ் என்பது இவ்வகையில் பலரும் அறிந்தது. கணினி மறுதொடக்கமானதும் வட்டு முன்பு உறையவைத்த நிலைக்கே திரும்பும். உறைந்த நிலையில் இட்ட ‘விண்டோஸுடன் தொடங்குக’ என்னும் குறியும், பதிவேட்டு வரியும், மறுதொடக்கத்தில் அழிந்துபோகும். அதே கணினியை முழுதும் அணைக்காமல் பயனர்கள் வெளியேறி நுழைந்துகொண்டிருந்த நாள்களில் அந்த வரி உயிரோடு இருந்தது. மின்தடையோ மறுதொடக்கமோ நேர்ந்த நாள்களில் மறைந்தது. ஆய்வாளரின் கோப்புகள் பிழைத்ததற்குக் காரணம், அவர் அவற்றை விரலியில் சேமித்தமையே. உறைநிலையை நீக்கி, மென்பொருளை எல்லாப் பயனருக்குமாக நிறுவி, மீண்டும் உறையவைக்கக் கணினி நிர்வாகிக்குச் சிறிது நேரமே போதும். கேட்க வேண்டும் என்பதே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வேறு காரணங்களும் உண்டு. விண்டோஸ் 8 முதல் பணி மேலாளரில் தொடக்க நிரல்களின் பட்டியல் தனியே தரப்பட்டு, ஒவ்வொன்றையும் முடக்கும் வசதி உள்ளது. கணினி மெதுவாக எழுகிறது என்று எவரேனும் அங்குள்ள அனைத்தையும் முடக்கும்போது தமிழ் எழுதியும் உடன்முடங்கும். மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் குறி இட்டபடியே இருக்கும். பயனர் அங்கேயே தேடி அலைவார். மேலும் விண்டோஸ் 8க்குப் பின், உள்நுழைந்தவுடன் தொடக்க நிரல்கள் சில நொடிகள் தாமதிக்கப்படுகின்றன. பழைய வன்தட்டுள்ள கணினியில் அச்சில நொடிகள் ஒரு நிமிடமாகவும் நீளும். பணிப்பட்டையில் சின்னம் தோன்றும்வரை காத்திருக்குமாறு மாணவர்க்குச் சொல்வது பயனுடையது.

தொடங்கியும் எழுதாமை இன்னொரு வகை. நிர்வாகி உரிமையுடன் திறக்கப்பட்ட மென்பொருளின் சாளரத்தில், சாதாரண உரிமையுடன் இயங்கும் தமிழ் எழுதியால் விசைகளை இடைமறிக்க இயலாது. இதுவும் விஸ்டாவோடு வந்த பாதுகாப்பு ஏற்பாடே. தமிழ் எழுதிக்கும் நிர்வாகி உரிமை கொடுத்துத் தொடக்கப் பட்டியலில் இட்டால், உயர்வுரிமை கேட்கும் நிரல்களை இயங்குதளம் அங்கிருந்து தொடங்க விடுவதில்லை. பணி திட்டமிடுவான் வழியே, உள்நுழைவின்போது மிகுவுரிமையுடன் தொடங்குமாறு அமைப்பது இயலும். ஆயினும் ஒரு தமிழ் எழுதிக்கு அவ்வளவு உரிமை தேவையா என்பது எண்ணத்தக்கது. உரைத்தொகுப்பியைச் சாதாரண உரிமையுடன் திறப்பதே எளிய தீர்வு.

உரிமையைப் பற்றி இவ்வாறு ஐயுறக் காரணமுண்டு. விசை ஒவ்வொன்றையும் இடைமறித்தலும், கணினியோடு தானே எழுதலும் தமிழ் எழுதிக்குரிய இரு பண்புகள். கடவுச்சொல் திருடும் நச்சுநிரலுக்கும் அதே இரு பண்புகளே உரியவை. பதிவேட்டின் ‘ரன்’ பகுதி அத்தகைய நிரல்கள் ஒளியும் பழைய இடங்களுள் ஒன்று. ஆகவே எழுதி மென்பொருளை உருவாக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தன்றி வேறிடத்திலிருந்து பெறுதல் கூடாது. தொடக்கத்தில் எழுவன எவையென முழுமையாகக் காண, மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோரன்ஸ் என்னும் இலவசக் கருவி உதவும். பணி மேலாளரின் பட்டியலில் வராத பலவும் அதில் வரும்.

இயங்குதளத்தின் சொந்த விசைப்பலகை

தொடங்கத் தேவையில்லாத உள்ளீடு கிடைக்குமாயின் இத்தனை சிக்கலும் வேண்டியதில்லை. 2019க்குப் பின் வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் தமிழ்99, அஞ்சல் விசைமுறைகள் இயங்குதளத்தின் பகுதியாகவே கிடைக்கின்றன. இவை தொடக்கப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. பயனரின் மொழிப் பட்டியலோடு தாமே வருவன. விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தி மாறிக்கொள்ளலாம். வட்டார அமைப்பின் நிர்வாகப் பகுதியில் உள்ள நகலெடுக்கும் வசதியால், இனி உருவாகும் புதிய கணக்குகளுக்கும் இதை நீட்டலாம். உள்நுழைவுத் திரைக்கு நீட்டும் குறியை மட்டும் இடாதிருப்பது நல்லது. பாமினி விசைமுறை பழகியோர்க்கு இங்கே இடமில்லை என்பதே குறை. அச்சகங்களிலும் தட்டச்சு மையங்களிலும் கைபழகியோர் மிகுந்த வடசென்னையில் இது சிறு குறையன்று.

சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் உள்ளிட்ட லினக்ஸ் வழங்கல்களில் ஐபஸ் போன்ற உள்ளீட்டுச் சட்டகம் பணித்திரையோடு எழுகிறது. அவ்வாறு எழாதபோது, இல்லக் கோப்புறையிலுள்ள ‘கான்ஃபிக்’ என்னும் மறைகோப்புறையின் ‘ஆட்டோஸ்டார்ட்’ பகுதியில் ஒரு சிறு உரைக்கோப்பை இட்டால் போதும். அனைத்துப் பயனருக்குமான இடம் அங்கும் தனியே உண்டு. அக்கோப்பு வெறும் உரையாதலால், எது ஏன் தொடங்குகிறது என்பதை எவரும் திறந்து படிக்கலாம்.

கலந்துபோன கோப்புகளை மீட்டமை

தேடலுக்கு இசையாத கோப்புகளை மீட்பது எளிதாக இல்லை. பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றப் பொங்குதமிழ், என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் உள்ளன. ஆனால் பாமினியில் தமிழும் ஆங்கில எழுத்துகளாகவே இருப்பதால், நேர்காணலின் இடையே ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டிருந்த கப்பல் பெயர்களையும் ஆலைப் பெயர்களையும் மாற்றி தமிழென்றே கருதிப் பொருளற்ற எழுத்துக்கோவையாக்கிவிட்டது. சொற்செயலிக் கோப்புகளில் எழுத்துருவின் பெயர் தங்கியிருந்தமையால், பாமினி எழுத்துருவில் அமைந்த பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்ற முடிந்தது. வெற்றுரையாகச் சேமித்த கோப்புகளில் அந்தத் தடயமும் இல்லை. அவற்றை ஒலிப்பதிவோடு ஒப்பிட்டு வரிவரியாகத் திருத்த வேண்டியிருந்தது. ‘மடவை’ எல்லாக் கோப்புகளிலும் அகப்படப் பல வாரங்கள் ஆயின.

ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கூறியது. எழுத்துரு வழித் தட்டப்பட்ட ஏடு அவ்வாறு ஒப்படைக்கப்பட்டாலும், கண்ணால் படிக்க மட்டுமே அது பயன்படும்; சொல்லைத் தேடவோ, மேற்கோளைப் படியெடுக்கவோ, பிற ஆய்வுகளோடு ஒப்பிடவோ இடந்தராது. இதை முன்னரே அறிய ஓர் எளிய சோதனை உண்டு. அன்றைய முதல் வரியைத் தட்டியதும் அதைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை ஏரியல் போன்ற ஆங்கில எழுத்துருவாக மாற்றிப் பார்க்க வேண்டும். ஒருங்குறியாயின் தமிழ் தமிழாகவே நிற்கும். பாமினியாயின் ஆங்கில எழுத்துகள் வெளிப்படும். அக்கல்லூரியின் பொதுக் கணினி அருகே இப்போது இச்சோதனை ஒரு தாளில் எழுதி ஒட்டப்பட்டுள்ளது. மென்பொருள் எல்லாக் கணக்குகளுக்குமாக நிறுவப்பட்டு, ஆங்கில நிலையில் தொடங்குமாறு அமைக்கப்பட்டு, அதன் பின்னரே வட்டு மீண்டும் உறையவைக்கப்பட்டது.